ஃபைல் அப்லோட்: சர்வரில் வாங்குவது, வைப்பது, திருப்பித் தருவது

வெப் அப்ளிகேஷன் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் பெயர், மின்னஞ்சல் வாங்கும் படிவம் ஒன்றைப் போடுவார்கள். அது ஓடியதும் அடுத்துக் கேட்கப்படுவது பெரும்பாலும் "போட்டோவும் சான்றிதழும் சேர்த்து அனுப்புற மாதிரி செஞ்சிடுங்க" என்பதுதான். பத்து வரி எழுதினால் ஃபைல் வந்துவிடும். அந்தப் பத்து வரியை அப்படியே லைவ் சர்வரில் ஏற்றினால், முன்பின் தெரியாத ஒருவர் நம் சர்வரில் தன் இஷ்டத்துக்கு நிரல் ஓட்டவும் வழி திறந்துவிடும். அந்தப் பத்து வரிக்கும் ஒழுங்கான அப்லோடுக்கும் இடையில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். மாணவரின் போட்டோ ஒன்று, சான்றிதழ் பிடிஎஃப் ஒன்று வர வேண்டும். மொழி பிஹெச்பி, சர்வர் உபுன்டு, முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்குவது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். ஜாங்கோவிலோ எக்ஸ்பிரஸிலோ எழுதுபவர்களுக்குப் பெயர்கள் மாறும், செய்ய வேண்டியவை மாறாது.

முதலில் படிவம்

ஃபார்ம் டேகில் இரண்டு விஷயம் கட்டாயம். மெத்தட் 'போஸ்ட்' ஆக இருக்க வேண்டும். என்க்டைப் 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' ஆக இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் எந்த எர்ரரும் வராது. ஃபைலின் பெயர் மட்டும் சாதாரண எழுத்தாக வந்து சேரும், ஃபைல் வராது. "ஃபைல்ஸ் அரே காலியாக இருக்கிறது" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒரு வரியைத்தான்.

இந்த முறை 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. எழுதியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் எர்னெஸ்டோ நெபல், லாரி மாசின்டர். படிவத்தின் ஒவ்வொரு பெட்டியும் தனிப் பகுதியாகப் போகும். பகுதிகளுக்கு இடையில் ஒரு எல்லை வரி இருக்கும். ஃபைல் உள்ள பகுதியின் தலையில் ஃபைலின் பெயரும் வகையும் எழுதியிருக்கும். ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் என்ற கமாண்ட் லைன் கருவியை வெர்போஸ் ட்ரேஸ் போட்டு ஓட்டி, போகும் ரிக்வெஸ்டை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெயர், வகை இரண்டும் வெறும் எழுத்துகளாகத்தான் போகின்றன. அதே கர்லை வைத்து யார் வேண்டுமானாலும் அவற்றை மாற்றி அனுப்பலாம். பார்சலின் மேல் மாம்பழம் என்று எழுதியிருந்தால் உள்ளேயும் மாம்பழம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இன்புட் டேகில் 'அக்செப்ட்' என்று ஒரு பண்பு உண்டு. ஜேபெக், பிஎன்ஜி மட்டும் காட்டு என்று அதில் சொல்லலாம். போடுங்கள், பயனருக்கு வசதி. ஆனால் அது பாதுகாப்பு இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் செய்யும் அளவுச் சோதனையும் அப்படித்தான்.

அளவு வரம்புகள்: மூன்று இடத்தில் மூன்று எண்

"என் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை" என்ற புலம்பலில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

ரிக்வெஸ்ட் முதலில் என்ஜின்எக்ஸிடம் வரும். அங்கே 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற அமைப்பு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 1 எம்பி. அதைத் தாண்டினால் 413 என்ற எர்ரரோடு திருப்பி அனுப்பிவிடும். நம் பிஹெச்பி நிரலுக்கு இப்படி ஒருவர் வந்து போனதே தெரியாது.

அதைக் கடந்தால் பிஹெச்பியில் இரண்டு எண்கள். 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' என்பது ஒரு ஃபைலுக்கான வரம்பு, இயல்பில் 2 எம்பி. 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' என்பது மொத்தப் படிவத்துக்கான வரம்பு, இயல்பில் 8 எம்பி. இன்றைய போனில் எடுத்த போட்டோ 3, 4 எம்பி சாதாரணமாக வருவதால் இயல்பு அமைப்பிலேயே விட்டால் முதல் நாளே புகார் வரும். நம் விண்ணப்பத்துக்கு ஃபைல் ஒன்றுக்கு 10 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 25 எம்பி, என்ஜின்எக்ஸிலும் 25 எம்பி என்று வைக்கலாம். மொத்த வரம்பு எப்போதும் ஃபைல் வரம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு பிஹெச்பி வரம்புகளும் உடையும் விதம் வேறு வேறு. ஒரு ஃபைல் 2 எம்பியைத் தாண்டினால் அந்த ஃபைலுக்கு மட்டும் எர்ரர் எண் 1 வரும், மற்ற பெட்டிகள் ஒழுங்காக வரும். மொத்தம் 8 எம்பியைத் தாண்டினாலோ போஸ்ட் அரே, ஃபைல்ஸ் அரே இரண்டுமே காலியாகிவிடும். பெயர் இல்லை, முகவரி இல்லை, படிவத்தில் ஒளித்து வைத்த சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) இல்லை. டோக்கன் இல்லாததால் நம் நிரல் "படிவம் காலாவதியாகிவிட்டது, மறுபடி முயலுங்கள்" என்று சொல்லும். பயனரும் அதே பெரிய ஃபைலை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். ஆகவே டோக்கனைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சோதனை வையுங்கள்: மெத்தட் போஸ்ட், கன்டென்ட்-லெங்த் வரம்பைவிடப் பெரிது, போஸ்ட் அரே காலி. மூன்றும் சேர்ந்தால் "ஃபைல் பெரிது, 10 எம்பிக்குள் அனுப்புங்கள்" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. உபுன்டுவில் கமாண்ட் லைனுக்கு ஒரு பிஹெச்பி ஐஎன்ஐ ஃபைல் (பிஹெச்பியின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்), வெப் ரிக்வெஸ்டுகளுக்கு பிஹெச்பியை ஓட்டும் எஃப்பிஎம்முக்கு இன்னொன்று. டெர்மினலில் பார்த்து ஒன்றை மாற்றிவிட்டு வெப்பில் மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பிஹெச்பி இன்ஃபோ பக்கத்தை வெப் வழியாகத் திறந்து எந்த ஐஎன்ஐ படிக்கப்படுகிறது என்று பாருங்கள், அதை மாற்றுங்கள், எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள்.

வந்து சேர்ந்ததைப் படிப்பது

பிஹெச்பி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்ன அரே தரும். அதில் நேம், டைப், டெம்ப் நேம், எர்ரர், சைஸ் என்று இருக்கும். நேம், டைப் இரண்டும் பிரௌசர் சொன்னவை. டெம்ப் நேம், எர்ரர், சைஸ் மூன்றும் பிஹெச்பி சொல்வது. நம்பத் தகுந்தவை இந்த மூன்றும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எர்ரரைப் பாருங்கள். 0 என்றால் சரி. 1 ஐஎன்ஐ வரம்பைத் தாண்டிவிட்டது, 2 படிவத்தில் சொன்ன வரம்பைத் தாண்டிவிட்டது, 3 பாதிதான் வந்தது, 4 பயனர் ஃபைலே தேர்ந்தெடுக்கவில்லை. 6, 7, 8 நம் பக்கத்துக் கோளாறு: டெம்ப் போல்டர் இல்லை, டிஸ்கில் எழுத முடியவில்லை, ஏதோ ஒரு பிஹெச்பி எக்ஸ்டென்ஷன் தடுத்துவிட்டது. 5 என்ற எண் கிடையாது. 1, 2, 3, 4 வந்தால் பயனருக்குப் புரியும்படி சொல்லுங்கள். 6, 7, 8 வந்தால் பயனரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு லாகில் எழுதுங்கள்.

ஃபைல் இந்த நேரத்தில் டெம்ப் போல்டரில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் முடிந்ததும் பிஹெச்பியே அதை அழித்துவிடும். அதனால் அதை எடுத்து வைக்கும் வேலை இந்த ரிக்வெஸ்டிலேயே முடிய வேண்டும். அதற்கு 'மூவ் அப்லோடெட் ஃபைல்' என்ற ஃபங்ஷனை மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரண காப்பி, ரீநேம் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் பாதை உண்மையிலேயே இந்த ரிக்வெஸ்டில் அப்லோட் ஆனதுதானா என்று அது சரிபார்த்துவிட்டுத்தான் நகர்த்தும். நகர்த்துவதற்கு முன் இன்னும் மூன்று கேள்விக்கு விடை வேண்டும்: உள்ளே இருப்பது என்ன, என்ன பெயரில் வைப்பது, எங்கே வைப்பது.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு டெக்ஸ்ட் ஃபைலின் எக்ஸ்டென்ஷனை ஜேபெக் என்று மாற்றி அப்லோட் செய்து பாருங்கள். பிரௌசர் 'இமேஜ்/ஜேபெக்' என்றே டைப்பை அனுப்பும். எக்ஸ்டென்ஷனைப் பார்த்துச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்ப்பது இதைவிட நல்லது. ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று தொடங்கும். பிடிஎஃப்பின் தலையில் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற 3 எழுத்தும் இருக்கும். இதை நாமே எழுத வேண்டியதில்லை. பிஹெச்பியில் 'ஃபைல் இன்ஃபோ' எக்ஸ்டென்ஷன் இருக்கிறது; டெம்ப் நேமைக் கொடுத்தால் வகையைச் சொல்லும். விண்டோஸில் பழகுபவர்கள் ஐஎன்ஐயில் அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

வகை கிடைத்ததும் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தடைப் பட்டியல் போடாதீர்கள். 'பிஹெச்பி' எக்ஸ்டென்ஷனைத் தடுத்தால் 'ஃபார்' வரும், 'பிஹெச்டிஎம்எல்' வரும், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும். நமக்குத் தேவை ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப். மற்றதெல்லாம் வேண்டாம். எஸ்விஜியும் படம்தானே என்று சேர்க்கத் தோன்றும். அது உண்மையில் ஒரு எக்ஸ்எம்எல் ஆவணம், உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் வைக்கலாம். நேரடியாகத் திறந்தால் நம் தளத்தின் பெயரிலேயே அது ஓடும்.

ஃபைல் இன்ஃபோவும் முழுக் காவல் ஆகாது. ஒழுங்கான ஜேபெக்கின் கமெண்ட் பகுதியில் பிஹெச்பி நிரலை எழுதி வைக்கலாம். முதல் பைட்டுகள் சரியாக இருப்பதால் சோதனையைத் தாண்டிவிடும். அந்த ஃபைல் ஓடுமா ஓடாதா என்பது அதன் பெயரையும் அதை வைக்கும் இடத்தையும் பொறுத்தது.

பெயர்: அவர் வைத்தது வேறு, நாம் வைப்பது வேறு

பயனர் கொடுத்த பெயரில் டிஸ்கில் எழுதவே கூடாது. 'பயோடேட்டா' என்று நூறு பேர் அனுப்புவார்கள். மூவ் அப்லோடெட் ஃபைல் கேள்வி கேட்காமல் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும்.

சரி, பெயரைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று பலரும் ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் விதி) போடுகிறார்கள்: ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர எல்லாவற்றையும் நீக்கு. 'சான்றிதழ்' என்ற பெயரில் வந்த பிடிஎஃப் இதற்குள் புகுந்து வெளியே வரும்போது பெயர் முழுக்கப் போய், புள்ளியும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் மிஞ்சும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் ஃபைல் மறைந்த ஃபைல், சாதாரண எல்எஸ் கட்டளையில் கண்ணுக்கே தெரியாது. அடுத்து 'மதிப்பெண் பட்டியல்' என்று இன்னொருவர் அனுப்புகிறார். அதுவும் அதே புள்ளி-பிடிஎஃப். முதல் மாணவரின் சான்றிதழ் போய்விட்டது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது கடைசிவரை தெரியாது.

தமிழ்ப் பெயரை அப்படியே வைத்தாலும் சிக்கல் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'சான்றிதழ்' நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 9 குறியீடு, 27 பைட். லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது 85 தமிழ்க் குறியீடு. ஊர், பள்ளி, வகுப்பு எல்லாம் சேர்த்துப் பெயர் வைப்பவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். அதோடு 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், பைட் வேறு. தேடினால் கிடைக்காது.

தீர்வு சுலபம். டிஸ்கில் நாமே உருவாக்கிய பெயர், டேட்டாபேஸில் பயனர் வைத்த பெயர். 'ரேண்டம் பைட்ஸ்' ஃபங்ஷனிடம் 16 பைட் கேளுங்கள், அதை ஹெக்ஸாக மாற்றினால் 32 எழுத்து. எக்ஸ்டென்ஷனைப் பயனரின் பெயரிலிருந்து வெட்டி எடுக்காமல், ஃபைல் இன்ஃபோ சொன்ன வகைக்கு ஏற்றதை நாமே ஒட்ட வேண்டும். டேட்டாபேஸில் வைக்கும் பெயரை 'நார்மலைசர்' கிளாஸ் மூலம் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய வடிவத்துக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். அது இன்டில் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. திரையில் காட்டும்போது ஹெச்டிஎம்எல் எஸ்கேப் செய்ய மறக்க வேண்டாம். ஃபைல் பெயரிலும் ஸ்கிரிப்ட் டேகை எழுதி அனுப்ப முடியும்.

இடம்

வெப் ரூட்டுக்கு (வெப் சர்வர் வெளியே காட்டும் போல்டர்) வெளியே வையுங்கள். பப்ளிக் போல்டர் ஒன்று இருந்தால் அதற்கு உள்ளே வேண்டாம், பக்கத்தில் ஸ்டோரேஜ் என்று இன்னொரு போல்டர். எந்த முகவரியைத் தட்டினாலும் வெப் சர்வர் அதற்குள் போக முடியாது என்றால் உள்ளே கிடக்கும் நிரலும் ஓடாது.

உள்ளேயே வைத்துவிட்டு ஒரு ஹெச்டிஆக்ஸஸ் ஃபைலால் (அந்தப் போல்டருக்கான விதிகளை அப்பாச்சி வெப் சர்வருக்குச் சொல்லும் ஃபைல்) தடுத்துவிடலாம் என்பவர்களுக்கு 2018 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'ஜேகுவரி ஃபைல் அப்லோட்' என்ற, உலகம் முழுக்கப் புழங்கிய பிளகின் அப்படித்தான் செய்திருந்தது. எந்த வகை ஃபைலையும் வாங்கிக்கொள்ளும், ஹெச்டிஆக்ஸஸ் அதை ஓடவிடாது என்பது கணக்கு. ஆனால் அப்பாச்சி 2.3.9 பதிப்பிலிருந்தே சர்வர் நிர்வாகி வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ஹெச்டிஆக்ஸஸைப் படிப்பதில்லை என்று இயல்பு மாறிவிட்டது. வருடக்கணக்கில் பூட்டு இருக்கிறது என்று நினைத்த கதவு திறந்தே கிடந்தது. அகமாய் நிறுவனத்தின் லாரி கேஷ்டாலர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பாதுகாப்புக் குறையின் எண்ணான சிவிஇ-2018-9206 என்று தேடினால் விவரம் கிடைக்கும். பிளகினை எழுதியவர் திருத்திவிட்டார். அதைக் காப்பியடித்து ஆயிரக்கணக்கான இடங்களில் கிளைத்தவற்றை யார் தேடித் திருத்துவது?

போல்டரின் உரிமை: உபுன்டுவில் பிஹெச்பி 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக ஓடும். போல்டரை அந்தப் பயனருக்குக் கொடுத்து அனுமதியை 750 (வெளியாருக்கு எந்த உரிமையும் இல்லை) என்று வைத்தால் போதும். இணையத்தில் எங்கே பார்த்தாலும் 777 போடச் சொல்லியிருக்கும். போடாதீர்கள். ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வரும் என்று தெரிந்தால் பெயரின் முதல் இரண்டு எழுத்தை உள் போல்டராக்கிக்கொள்ளுங்கள். ஹெக்ஸ் என்பதால் 256 போல்டராகத் தானே பிரிந்துவிடும். டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுபவர்கள் இந்தப் போல்டரைத் தனி வால்யூமில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டிப்ளாயில் எல்லாம் காலி.

போட்டோவுக்குத் தனிக் கவனிப்பு

போட்டோவை அப்படியே வைக்காமல் ஜிடி போன்ற நூலகத்தில் திறந்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, புதிய ஜேபெக்காக எழுதுவது நல்லது. கமெண்டில் ஒளிந்த நிரல் போய்விடும், இடம் மிச்சம். எக்ஸிஃப் தகவலும் (போட்டோவுக்குள் கேமரா எழுதி வைக்கும் குறிப்புகள்) போய்விடும். போனில் லொக்கேஷன் ஆன் செய்து எடுத்த போட்டோவில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எக்ஸிஃபில் இருக்கும். மாணவியின் வீட்டு இடத்தை விடுதித் தளம் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

எக்ஸிஃபோடு சேர்ந்து திசையும் போய்விடும். போனை நேராகப் பிடித்து எடுத்த பல போட்டோக்கள் உண்மையில் படுக்கையாகவே சேமிக்கப்பட்டு, 'ஓரியன்டேஷன் 6' என்ற குறிப்போடு வரும். ஜிடி அதைப் பார்க்காது. மாணவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் படுத்திருப்பார்கள். ஆகவே முதலில் ஓரியன்டேஷனைப் படித்து (3, 6, 8 மூன்றும்தான் அதிகம் வரும்), படத்தைத் திருப்பி, அப்புறம் சேமியுங்கள்.

திறப்பதற்கு முன் நீள அகலத்தையும் பார்த்துவிடுங்கள். ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும். 4000க்கு 3000 என்ற 12 மெகாபிக்சல் படம் 48 எம்பி மெமரி, 48 மெகாபிக்சல் என்றால் 192 எம்பி. ஃபைல் சில கேபிதான் இருக்கும், நீள அகலம் மட்டும் 30000 என்று இருக்கும் பிஎன்ஜியை வேண்டுமென்றே செய்து அனுப்புபவர்களும் உண்டு. 'கெட் இமேஜ் சைஸ்' ஃபங்ஷன் முழுப் படத்தைத் திறக்காமலே நீள அகலத்தைச் சொல்லும். அதில் ஒரு வரம்பு வையுங்கள். ஆனால் இது படம்தானா என்று சோதிக்க அதை நம்பாதீர்கள், பிஹெச்பி ஆவணமே அது வேண்டாம் என்கிறது.

ஐபோனின் ஹெச்இஐசி வடிவத்தை ஜிடி திறக்காது. "ஜேபெக்காக அனுப்புங்கள்" என்ற தெளிவான செய்தி போதும்.

திருப்பித் தருவது

ஃபைல் வெப் ரூட்டுக்கு வெளியே இருப்பதால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகத்தான் தர வேண்டும். இது தொல்லை என்று தோன்றும், ஆனால் நல்ல வாய்ப்பு: கேட்பவர் யார் என்று பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. லாகின் ஆகியிருக்கிறாரா என்பதோடு நிற்காமல், இந்த ஃபைல் அவருடையதுதானா என்றும் பாருங்கள். முகவரியில் 41 என்பதை 42 ஆக மாற்றி அடுத்தவர் சான்றிதழைத் திறப்பது சின்னப் பையனும் செய்யும் வேலை.

அனுப்பும்போது மூன்று ஹெட்டர். கன்டென்ட்-டைப்பில் நாம் சேமித்து வைத்த வகை. 'எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்' இல் 'நோஸ்னிஃப்', பிரௌசர் தானாக வகையை ஊகிக்காமல் இருக்க. 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' இல் 'அட்டாச்மென்ட்'. இந்த மூன்றாவதில்தான் பயனர் வைத்த தமிழ்ப் பெயர் திரும்ப வருகிறது. சாதாரண 'ஃபைல்நேம்' பண்பில் தமிழை எழுதினால் சில பிரௌசரில் குப்பையாக வரும். நட்சத்திரக் குறியிட்ட 'ஃபைல்நேம்*' பண்பில், யுடிஎஃப்-8 என்று சொல்லி, இரண்டு ஒற்றை மேற்கோள் போட்டு, 'ரா யூஆர்எல் என்கோட்' செய்த பெயரைக் கொடுங்கள். மாணவர் 'சான்றிதழ்' என்று அனுப்பியது 'சான்றிதழ்' என்றே இறங்கும்.

பெரிய ஃபைல் என்றால் அனுமதியை மட்டும் பிஹெச்பியில் பார்த்துவிட்டு 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட்' ஹெட்டர் மூலம் அனுப்பும் வேலையை என்ஜின்எக்ஸிடமே கொடுத்துவிடலாம்.

டேட்டாபேஸோடு சேர்த்துச் செய்யும்போது வரிசை முக்கியம். வாங்கும்போது முதலில் ஃபைலை நகர்த்துங்கள், பிறகு டேட்டாபேஸில் அதற்கான வரியை (ரோ) எழுதுங்கள். வரி எழுத முடியாமல் போனால் ஃபைலை அழித்துவிடுங்கள். அழிக்கும்போது தலைகீழ்: முதலில் வரி, பிறகு ஃபைல். நடுவில் ஏதாவது அறுந்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஃபைல் ஒன்று டிஸ்கில் கிடக்கும், அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் ஃபைல் இல்லாத வரி ஒன்று நின்று பயனரிடம் எர்ரர் காட்டும். பேக்கப் எடுக்கும்போதும் டேட்டாபேஸோடு ஸ்டோரேஜ் போல்டரையும் சேர்த்து எடுங்கள், பலர் மறப்பது இது.

லைவ் போகுமுன்

சோதனைக்கென்று ஒரு போல்டரில் சில ஃபைல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 0 பைட் ஃபைல், 11 எம்பி போட்டோ, 30 எம்பி வீடியோ (மொத்த வரம்பை உடைக்க), ஜேபெக் என்று பெயர் மாற்றிய ஹெச்டிஎம்எல், கமெண்டில் பிஹெச்பி எழுதிய ஜேபெக், போனை நேராகப் பிடித்து எடுத்த போட்டோ, 'போட்டோ' என்றே தமிழில் பெயர் வைத்தது, நூறு எழுத்துத் தமிழ்ப் பெயர் வைத்தது. ஒவ்வொன்றையும் அனுப்பி, திரையில் என்ன செய்தி வருகிறது, டிஸ்கில் என்ன பெயரில் உட்கார்கிறது, டவுன்லோடில் என்ன பெயரில் இறங்குகிறது என்று மூன்றையும் பாருங்கள். ஃபைலே அனுப்பாமல் ஒருமுறை சப்மிட் செய்யுங்கள்.

பிறகு ஒரு மாணவராக லாகின் ஆகிச் சான்றிதழின் முகவரியைக் காப்பி செய்து, இன்னொரு மாணவரின் லாகினில் அதை ஒட்டுங்கள். 403 வர வேண்டும். லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டினால் லாகின் பக்கம் வர வேண்டும். இந்த இரண்டில் ஒன்றில் பிடிஎஃப் திறந்தாலும் தளத்தை இன்னும் திறக்க வேண்டாம்.